விண்ணில் தேயும் பொன்னாடை

பொம்மனஹள்ளியில் ஓசூர்ச் சாலையை ஒட்டிய குடியிருப்புகளின் மொட்டைமாடிகளில் நெகிழி வாளிகளும் நீலத் தார்ப்பாய்களும் வெயிலில் கிடப்பதைக் காணலாம். நாள் செல்லச்செல்ல அவற்றின் நிறம் வெளிறும். தொட்டால் பொடி உதிரும். சூரியனின் புற ஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து செய்யும் வேலை அது. விண்வெளியில் இதனினும் கடுமையான தேய்மானம் நிகழ்கிறது.

அதே பெங்களூரு நகரின் பழைய விமான நிலையச் சாலையில் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் அமைந்துள்ளது. இந்தியச் செயற்கைக்கோள்கள் பல இங்கு உருப்பெற்றவையே. படங்களில் அவை பொன்னாடை போர்த்தியவைபோல் மின்னும். அது பொன் அன்று. பாலிஇமைடு என்னும் பலபடியால் ஆன மெல்லிய படலம் அது. இயல்பாகவே மஞ்சட்பழுப்பு நிறங்கொண்ட அப்படலத்தின் உட்புறத்தில் அலுமினியம் பூசப்பட்டிருப்பதால் பொன்னைப்போல் ஒளிர்கிறது. பல அடுக்குகளாகப் போர்த்தப்படும் இவ்வாடை, வெயிலின் வெம்மையிலிருந்தும் நிழலின் கடுங்குளிரிலிருந்தும் உள்ளிருக்கும் கருவிகளைக் காக்கிறது.

இவ்வாடையைத் தேய்ப்பது அணு ஆக்சிஜன். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இணைந்திருக்கும். மிக உயரத்தில் புற ஊதாக் கதிர்கள் அவ்விணையைப் பிரித்துவிடுகின்றன. தரையருகே என்றால் பிரிந்த அணு உடனே வேறொன்றுடன் சேர்ந்துவிடும். மேலே காற்று மிகவும் அரிதானது. ஆதலால் துணை கிடைக்காமல் அணு தனித்தே திரிகிறது. ஏறத்தாழ 200 முதல் 600 கிலோமீட்டர் உயரம் வரை எஞ்சியுள்ள காற்றில் இத்தனி அணுக்களே மிகுதி. அரியலூரைச் சேர்ந்த ந. வளர்மதி திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய ரிசாட்-1 செயற்கைக்கோள் 2012 ஏப்ரல் 26 அன்று ஏவப்பட்டு, 536 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. அதுவும் இவ்வெல்லைக்குள் அடங்கியதே.

அவ்வளவு அரிதான காற்றால் என்ன தீங்கு நேரும்? விடை, செயற்கைக்கோளின் வேகத்தில் உள்ளது. நொடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் அது விரைகிறது. அவ்வேகத்தில் சென்றால் பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூரை நான்கு நொடிகளில் அடைந்துவிடலாம். எதிர்ப்படும் ஒவ்வோர் அணுவும் ஏறத்தாழ 5 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் மோதுகிறது. பலபடியில் இரு கரி அணுக்களைப் பிணைக்கும் ஆற்றலைவிட இது மிகுதி. பிணைப்பு அறுகிறது; கரி ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் மோனாக்சைடு முதலிய வாயுக்களாக வெளியேறுகிறது. அலுமினியத்தில் உருவாகும் ஆக்சைடு அதன்மேலேயே படிந்து காக்கும். பலபடிக்கோ அவ்வாறு படியும் தோல் இல்லை. எனவே தேய்மானம் நிற்பதில்லை. மோதும் திசையை நோக்கிய பக்கமே பெரிதும் தேயும். உருப்பெருக்கியில் அது கம்பளம்போல் நுண்முனைகள் நிறைந்து தோன்றும்.

அமெரிக்க விண்ணோடங்கள் 1981 முதல் பறந்து திரும்பியபோது, அவற்றிலிருந்த படலங்கள் பளபளப்பு இழந்திருந்தமை அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. 1983-இல் சேலஞ்சர் ஓடம் 225 கிலோமீட்டர் உயரத்திற்கு இறக்கப்பட்டு, ஏறத்தாழ 41 மணி நேரம் பொருள்கள் சோதிக்கப்பட்டன. பாலிஇமைடு படலம் 10 மைக்ரோமீட்டர் அளவு தேய்ந்திருந்தது. மேலாடைப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் 25 மைக்ரோமீட்டர் அளவினதே என்பதை எண்ணினால் இழப்பின் கடுமை புலப்படும்.

36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள இன்சாட் வகைக் கோள்களுக்கு இத்தொல்லை இல்லை. அங்கு இவ்வணுக்கள் இல்லாதது போலவே. தாழ்வாகப் பறந்து நிலத்தைப் படம்பிடிக்கும் கோள்களுக்கே காப்பு வேண்டும்.

அதற்குச் சிலிக்கன் டை ஆக்சைடு மிக மெல்லிதாகப் பூசப்படுகிறது. சாம்பல் மீண்டும் எரியாததுபோல, முன்பே ஆக்சிஜனுடன் முழுமையாகச் சேர்ந்துவிட்ட அப்பொருளை அணு ஆக்சிஜனால் ஒன்றும் செய்ய இயலாது. ஆயினும் பூச்சில் ஊசிமுனையளவு துளை இருந்தாலும் போதும். அதன் வழியே நுழையும் அணுக்கள், வண்ணப்பூச்சு குலையாமல் கதவை உள்ளே தின்னும் கறையான்போல், அடியிலுள்ள படலத்தை அரித்துக் குழியாக்கும். ஆதலால் நல்ல பூச்சுப்பொருளைக் கண்டறிவதைவிட, மடித்தும் தைத்தும் போர்த்தும்போது அதில் கீறல் விழாமல் காப்பதே கடினமான பணியாகும்.