மண்ணின் மூச்சை அளந்து பார்ப்போம்

“பாதர், முப்பது வருசத்துக்கு மேலாச் சும்மா கிடந்த காணி. அந்த மண்ணுக்கு இன்னும் உயிர் இருக்குமோ?”

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் வாழும் எமது விவசாயக் குடும்பங்களின் கேள்வி இது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரின் காணிகள், 2009க்குப் பின்னர் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. திரும்பிச் செல்ல நினைப்பவர்கள் இவ்வாறு கேட்பது நியாயமே.

மண்ணும் மூச்சுவிடுகிறது. வேர்கள், மண்புழுக்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகள் யாவும் சுவாசித்து வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயு நிலத்திலிருந்து மேலெழுகிறது. சுவீடன் நாட்டு விஞ்ஞானி லுண்டெகோர்த் 1920களிலேயே வயல் மண்மீது மூடியொன்றைக் கவிழ்த்து இதனை அளந்தார். இன்று மின்கருவிகள் சில நிமிடங்களில் அளவைக் காட்டுகின்றன.

எமக்கோ வாளிகளும் வெற்றிலைச் சுண்ணாம்பும் போதும். ஒரு கரண்டி சுண்ணாம்பை ஒரு போத்தல் நீரில் கலக்கி, இரவு முழுவதும் மூடி வைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்தெடுங்கள். அதனை மூன்று கிண்ணங்களில் சமமாக ஊற்றுங்கள். புல்லை வெட்டிவிட்டு, ஒன்றைப் பசளையிட்ட மண்ணிலும், மற்றதை வெறும் மண்ணிலும் வையுங்கள். மூன்றாவதைப் பொலித்தீன் விரிப்பில் வையுங்கள். ஒரே அளவான வாளிகளால் மூடி, காற்றுப் புகாதபடி விளிம்புகளை அடையுங்கள். சில மணி நேரத்தின் பின் எந்த நீர் கூடுதலாக வெண்மை படர்ந்திருக்கிறதோ, அந்த மண்ணே கூடுதலாக மூச்சுவிட்டது. பொலித்தீன்மேல் இருந்த கிண்ணம், வாளிக்குள் இருந்த காற்றின் பங்கை மட்டும் காட்டும். சுண்ணாம்பு நீர் கண்ணில் படாமலும் பிள்ளைகளின் கைக்கு எட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். வெப்பத்திலும் மழை பெய்த பின்னரும் மூச்சுக் கூடும். ஆகவே ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஒப்பிடுங்கள். உழுதவுடனும் மூச்சுக் கூடும். அது மண் தன் சேமிப்பைச் செலவழிக்கும் மூச்சு. செலவழிந்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்திய எம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் வீழ்ந்தது. மண்ணை ஒரே போகத்தில் மாற்றிவிட முடியாது என்பதை அன்று கண்டோம்.

கண்ணிவெடி அகற்றப்பட்டதென அறிவிக்கப்படாத காணியில் மட்டும் கால் வைக்க வேண்டாம். அதுவரை, மாடியிலுள்ள பூச்சாடி மண்ணில் பிள்ளைகளுக்கு இதனைச் செய்து காட்டுங்கள். ஊரைக் காணாத பிள்ளைகள், மண்ணுக்கும் உயிருண்டு என்பதை முதலில் அறியட்டும்.