நெல்லுக்குள்ளும் காவல் உண்டு

மழையும் காற்றும் சேர்ந்து அடித்த பிறகு, ஆர்.கே.பேட்டை பக்கம் பிபிடி வயல்களில் இலை ஓரம் நுனியிலிருந்து மஞ்சளாகி, வைக்கோல் நிறத்தில் காய்ந்துகொண்டே இறங்கினால், அது பாக்டீரியா இலைக்கருகல்.

நம்ம ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சுற்றிவந்து காவல் காக்கும். பயிருக்கு அது கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே காத்துக்கொள்ளணும். செல்லின் மேல்சவ்வில் ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கு. கிருமி வெளியிடும் பொருள் அதில் ஒட்டியதும் செல்லுக்குள் கால்சியம் பாயும். ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தட்டி எழுப்பும். செய்தி உட்கருவரை போய்ச் சேரும். காவல் மரபணுக்கள் விழிக்கும், செல்சுவர் தடிக்கும், கிருமியை எதிர்க்கும் பொருட்கள் சுரக்கும்.

இலைக்கருகல் கிருமியை அடையாளம் காணும் எக்ஸ்ஏ21 என்ற ஏற்பி ஆப்பிரிக்கக் காட்டு நெல்லில் இருந்து வந்தது. பிபிடி 5204-ல் அது இல்லை. ஐதராபாத் விஞ்ஞானிகள் அதையும் வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் இனக்கலப்பு மூலம் சேர்த்தார்கள். 2008-ல் மேம்படுத்திய சம்பா மசூரி வெளிவந்தது. இது மரபணு மாற்றுப் பயிர் இல்லீங்க. வீரிய ஒட்டும் இல்லை. விதையை நாமே எடுத்து வைக்கலாம்.

ஆனா காவல்காரர் இருக்கார்னு கதவைத் திறந்து போடலாமா? நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீங்க. காயத்தின் வழியாகவும் கிருமி நுழையும். தழைச்சத்து மிஞ்சினால் நோய் கூடும். அது யூரியாவில் வந்தாலும் சரி, பிண்ணாக்கில் வந்தாலும் சரி. நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சாதீங்க.