எல்லாம் புதுசு, நெட் மட்டும் வரலை!

கேபினட், மதர்போர்டு, பிராசசர், ராம், எஸ்.எஸ்.டி. என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வாங்கி, வீட்டு ஹாலிலேயே உட்கார்ந்து பூட்டிய கம்ப்யூட்டர். பட்டனை அழுத்தியதும் விசிறி சுழல்கிறது, திரையில் வெளிச்சம் வருகிறது, பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 11 மளமளவென்று ஏறுகிறது. எந்த நாடு, எந்தக் கீபோர்டு என்று கேட்டுவிட்டு, நெட்வொர்க்கோடு இணையச் சொல்லி ஒரு பக்கம் வந்து நிற்கும். அதில் வீட்டு வைஃபையின் பெயரும் இருக்காது, பக்கத்து வீட்டு வைஃபையின் பெயரும் இருக்காது. ரூட்டரிலிருந்து கேபிளை இழுத்துச் செருகினாலும் அசையாது. மேலே போகவேண்டிய பட்டன் மங்கிக் கிடக்கும்.

மதர்போர்டு டெட் பீஸாக இருக்குமோ என்று வயிற்றைக் கலக்குவது இந்த இடத்தில்தான். அநேகமாக இருக்காது. புதுக் கம்ப்யூட்டரில் நெட் வராத வீடுகளில் முதலில் பழி விழுவது இருப்பதிலேயே விலை கூடிய பாகத்தின் மேல். கோளாறு பெரும்பாலும் ஒரு டிரைவர் ஃபைலிலோ, பெட்டிக்குள் மறந்துபோன ஆன்டெனாவிலோ, முனை சரியாகக் கிரிம்ப் ஆகாத கேபிளிலோதான் உட்கார்ந்திருக்கும்.

அந்த மங்கிய பட்டனுக்குக் காரணம் எளிது. சில ஆண்டுகளாக மதர்போர்டுகளில் 2.5 கிகாபிட் வேக லேன் சிப்புகள் சாதாரணமாகிவிட்டன. இன்டெல்லின் ஐ225-வி, ஐ226-வி, ரியல்டெக்கின் ஆர்.டி.எல்.8125 ஆகியவை அடிக்கடி தென்படுபவை. வைஃபை கார்டுகளும் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. இவற்றை இயக்கத் தெரிந்த டிரைவர் விண்டோஸ் பென் டிரைவில் எல்லா நேரமும் இருப்பதில்லை. ஹோம் பதிப்பில் மட்டும் இருந்த 'நெட் இல்லாமல் நிறுவ முடியாது' என்ற கட்டாயத்தை, 2022-இல் வந்த 22எச்2 பதிப்பிலிருந்து புரோவுக்கும் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்துவிட்டது. ஆக, நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க நெட் வேண்டும். மதர்போர்டு பெட்டியில் டிரைவர் டிவிடி ஒன்று கிடக்கலாம். இப்போது விற்கும் பெரும்பாலான கேபினட்களில் டிவிடி டிரைவ் வைக்கவே இடம் கிடையாது என்பது தனிக் கூத்து.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி, கடையிலேயே அசெம்பிள் செய்யக் கொடுத்தால் இந்தத் தொல்லை கண்ணிலேயே படாது. கடைக்காரர் தன் பென் டிரைவிலிருந்து டிரைவர்களை ஏற்றித்தான் கையில் கொடுப்பார். ஆன்லைனில் வரவழைத்து வீட்டில் பூட்டுபவர்தான் மாட்டுகிறார்.

அவருக்குக் கைகொடுப்பது சட்டைப்பையிலேயே இருக்கும் ஆண்ட்ராய்டு போன். அதை யூ.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, செட்டிங்ஸில் 'யூ.எஸ்.பி. டெதரிங்'கை ஆன் செய்தால், விண்டோஸ் அந்தப் போனையே ஒரு லேன் கார்டாக எடுத்துக்கொள்ளும். அதற்கான டிரைவர் விண்டோஸுக்குள் பல காலமாகவே இருக்கிறது. மொபைல் டேட்டா தீர்ந்துவிடுமே என்ற கவலையும் வேண்டாம். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான மாடல்களில் அந்த வைஃபையே கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சார்ஜ் ஏற மட்டுமே உதவும் மலிவு கேபிள்களில் டேட்டா கம்பிகள் இருக்காது. ஐஃபோனை நம்பியும் பயனில்லை. அதற்கு ஆப்பிளின் டிரைவர் தனியாக வேண்டும்.

இன்னொரு வழி, வேறொரு கம்ப்யூட்டரில் மதர்போர்டு நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்திலிருந்து லேன், வைஃபை டிரைவர்களை முன்கூட்டியே இறக்கி வைப்பது. மாடல் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும். போர்டின் ஓரத்தில் 'ரெவ் 1.0', 'ரெவ் 1.2' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்வது நல்லது. ஒரே பெயரில் வரும் போர்டுகளில் ரிவிஷன் மாறும்போது வைஃபை சிப்பின் கம்பெனியே மாறிப்போவது உண்டு. கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ கட்டளை அடித்து, நெட் கேட்கும் அந்தப் பக்கத்தைத் தாண்டச் சொல்லும் பழைய வீடியோக்கள் ஏராளம். 2025-இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் குறுக்குவழிகளை அடைக்கத் தொடங்கிவிட்டதால் அவற்றில் பல இன்று பலிப்பதில்லை.

டெஸ்க்டாப் வந்த பிறகும் நெட் வரவில்லையா? டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் பாதி விடை அங்கேயே தெரியும். மஞ்சள் முக்கோணத்தோடு 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்று இருந்தால் டிரைவர் இன்னும் ஏறவில்லை. அந்தப் பெயரே பட்டியலில் இல்லையென்றால் பயாஸில் லேன் வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இதற்கும் மேல் சந்தேகம் இருந்தால், உபுண்டுவை ஒரு பென் டிரைவில் போட்டு, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அங்கே நெட் ஓடினால் போர்டு நன்றாக இருக்கிறது, குறை விண்டோஸ் பக்கம் என்று தீர்மானமாகிவிடும். விண்டோஸை அழித்து மறுபடி மறுபடி ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வைஃபை பிடிக்கிறது, ஆனால் ஒரே ஒரு கோடுதான் என்பவர்கள் கேபினட்டின் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். யூ.எஸ்.பி. துளைகளுக்குப் பக்கத்தில் பித்தளை நிறத்தில், மரை வெட்டிய இரண்டு குட்டித் தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஆன்டெனாவைத் திருகுவதற்கு. ஆன்டெனாவோ மதர்போர்டு பெட்டியின் அடித்தட்டில், சாட்டா கேபிளுக்கும் ஸ்க்ரூ பாக்கெட்டுக்கும் கீழே பிளாஸ்டிக் உறையோடு தூங்கிக்கொண்டிருக்கும். அது இல்லாமலும் அதே அறையில் இருக்கும் ரூட்டரை ஓரளவு பிடிக்கும் என்பதால்தான், குறை இதுவென்று யாருக்கும் தோன்றுவதில்லை. அடுத்த அறைக்குப் போனால் சுத்தம். ஆன்டெனாவை மாட்டிய பிறகும் இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே திணிக்காமல் மேஜை மேல் தூக்கி வைத்தால் சிக்னல் கூடும்.

யூ.எஸ்.பி. 3.0 வேகத்தில் ஓடும் ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. படங்களை காப்பி செய்யும்போது மட்டும் வைஃபை தள்ளாடுகிறது என்றால், டிஸ்க்கை ஆன்டெனாவை விட்டுத் தள்ளிச் செருகலாம், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடலாம்.

கேபிள் விஷயம் சுருக்கமானது. துளையின் ஓரத்தில் விளக்கு எரியவில்லையென்றால் கம்பியே சேரவில்லை. விளக்கு எரிந்தும், 300 எம்.பி.பி.எஸ். பிளானில் வேகம் 95-ஐத் தாண்டவில்லையென்றால் உள்ளே ஒரு கம்பி விட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு நான்கு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அந்த நான்கில் சேராத ஒன்று விட்டால் இணைப்பு அறுந்து போகாமல், சத்தமில்லாமல் கீழ் வேகத்துக்கு இறங்கிவிடும்.

நம் ஊரில் பலரை அலைக்கழிப்பது அடுத்த கட்டம். கேபிள் சரி, விளக்கு எரிகிறது, டிரைவர் ஏறியாயிற்று. கமாண்ட் பிராம்ப்டில் ஐ.பி.கான்ஃபிக் கட்டளை கொடுத்தால் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. வழக்கமாக ரூட்டர் தரும் முகவரி 192.168 என்றுதான் ஆரம்பிக்கும். 169.254 என்பது, யாரும் முகவரி கொடுக்காததால் கம்ப்யூட்டர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர். ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் பல நேரம் சரியாகிவிடும். ரூட்டரே இல்லாமல், உள்ளூர் பிராட்பேண்ட் கேபிள் நேராகக் கம்ப்யூட்டருக்கு வரும் வீடுகளில் கதை வேறு. சில நிறுவனங்கள் வாடிக்கையாளரின் மேக் அட்ரஸை, அதாவது லேன் கார்டுக்கே உரிய பன்னிரண்டு எழுத்து அடையாள எண்ணை, கணக்கோடு பூட்டி வைக்கின்றன. பழைய கம்ப்யூட்டரில் நெட் ஓடும், புதியதில் செருகினால் ஓடாது. கேபிளைத் திரும்பப் பழையதில் மாட்டினால் மறுபடி ஓடும். வீட்டுக்காரர் புது மதர்போர்டைத் திட்டிக்கொண்டிருப்பார். கேபிள்காரருக்கு போன் போட்டு "கம்ப்யூட்டர் மாத்திட்டேன்ணே, புது மேக் அட்ரஸைப் போட்டு விடுங்க" என்று சொன்னால் தீர்ந்தது. யூசர் நேம், பாஸ்வேர்டு அடித்து 'டயல்' செய்யும் இணைப்பும் இப்படித்தான். பழைய கம்ப்யூட்டரில் என்றோ யாரோ அமைத்துக் கொடுத்த அந்த டயலரை, புதியதில் யாராவது மறுபடி உருவாக்கித்தான் ஆக வேண்டும்.

முகவரி ஒழுங்காக வந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால் 8.8.8.8-க்கு ஒரு பிங் அனுப்பிப் பார்க்கலாம். கூகுள் 2009 டிசம்பரில் திறந்துவிட்ட பொது டி.என்.எஸ். சர்வர் அது. அங்கிருந்து பதில் வந்தால் நெட் இருக்கிறது, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். மட்டும் மக்கர் செய்கிறது என்று பொருள். நெட்வொர்க் செட்டிங்ஸில் 8.8.8.8-ஐயோ கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1-ஐயோ போட்டால் போதும்.

எல்லாம் சரி, ஆனால் பிரவுசர் மட்டும் எந்தத் தளத்துக்குப் போனாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று மிரட்டுகிறதா? வைரஸ் என்று பதறுவதற்கு முன் திரையின் மூலையில் தேதியைப் பார்க்க வேண்டும். மதர்போர்டின் கடிகாரம் சிஆர்2032 என்ற காசு அளவு பேட்டரியில் ஓடுவது. பேட்டரி இறங்கியிருந்தாலோ, பயாஸை ரீசெட் செய்திருந்தாலோ தேதி சில ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. இன்னும் பிறக்காத சான்றிதழை பிரவுசர் எப்படி ஏற்கும்? வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் விண்டோஸும் தானாகத் திருத்தத் தயங்கும், கையால்தான் மாற்ற வேண்டும்.

கீழே தெரியும் உருண்டை ஐகானையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நெட் இருக்கிறதா என்று பார்க்க, விண்டோஸ் மைக்ரோசாஃப்டின் ஒரு தளத்திலிருந்து குட்டி டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றைக் கேட்கும். அதில் இருப்பது 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்றே சொற்கள். விளம்பரத் தடுப்பானோ வி.பி.என்.னோ அந்த ஒரு கோரிக்கையை மறித்துவிட்டால், யூடியூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐகான் 'நெட் இல்லை' என்று சாதிக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் சிப்பையே சந்தேகிக்கலாம். அதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. இன்டெல்லின் ஐ225-வி சிப்பின் ஆரம்பப் பதிப்பில், அடுத்தடுத்த இரண்டு டேட்டா பொட்டலங்களுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி தரநிர்ணயத்துக்குக் குறைவாக இருந்தது. அதனால் சில ரூட்டர்களோடு 2.5 கிகாபிட்டில் பேசும்போது டேட்டா சிதறியது. 2020-இல் இது வெளியே வந்தபோது இன்டெல் சொன்ன தற்காலிக வழி, வேகத்தை 1 கிகாபிட்டாகக் குறைத்துக்கொள்வது. பின்னால் வந்த ஐ226-வியிலும் இணைப்பு விட்டு விட்டு அறுவதாகப் புகார் எழுந்தது. அங்கே 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்' என்ற மின்சேமிப்பு வசதியை அணைத்ததும் பலருக்குச் சரியானது. இரண்டு மாற்றமும் டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டின் 'அட்வான்ஸ்டு' பக்கத்திலேயே இருக்கின்றன. 100, 200 எம்.பி.பி.எஸ். பிளான் எடுத்திருக்கும் வீட்டுக்கு 1 கிகாபிட்டே தாராளம்.

உண்மையிலேயே போர்டின் லேன் போர்ட் செத்திருந்தால் வாரன்டி இருக்கிறது. ஆனால் மதர்போர்டை அனுப்புவதென்றால் பிராசசர் முதல் கடைசி ஸ்க்ரூ வரை கழற்ற வேண்டும், திரும்பி வரும்வரை கம்ப்யூட்டரும் கிடையாது. அதனால் சில நூறு ரூபாய் யூ.எஸ்.பி. லேன் அடாப்டரை வாங்கிச் செருகிவிட்டு வேலையைப் பார்ப்பவர்களும் உண்டு. எந்த வழியானாலும் பில்லையும், சீரியல் எண் ஸ்டிக்கர் ஒட்டிய மதர்போர்டு பெட்டியையும் தீபாவளிச் சுத்தத்தில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் வாரன்டி முடியும்வரை பரணில் வைத்திருக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.