இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் இல்லங்களுக்கு

பவானிபூரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்களில், ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கிச் செல்லாத வீடு அரிது. சென்னைக்கும் ஹௌராவுக்கும் இடையே ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் தூரம். ஒரு நாளுக்கு மேல் வண்டியில் அமர்ந்தே வருகின்றனர். இவ்வாறு நெடுநேரம் காலை அசையாமல் அமர்ந்திருத்தல், அறுவைச் சிகிச்சை, எலும்பு முறிவு, பல நாள் படுக்கை, புற்றுநோய் ஆகியவற்றால் காலின் ஆழ்ந்த இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து கட்டியாவதுண்டு. அக்கட்டி பெயர்ந்து, இதயத்தின் வழியாகச் சென்று நுரையீரலின் குழாயை அடைத்துக்கொண்டால் திடீரென மூச்சுத் திணறலும் மார்பு வலியும் தோன்றும். உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு.

இந்நோய்க்கு அளிக்கப்படும் மருந்தால் இரத்தப்போக்கு ஏற்படக்கூடும் என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். அச்சத்தினால் மருந்தைத் தாமே நிறுத்திவிடுவோர் ஒரு சாரார். அபாயக் குறிகளைப் பொருட்படுத்தாதோர் மற்றொரு சாரார். இருவருக்கும் தீங்கு விளைகிறது. ஆதலின் இது குறித்துச் சில செய்திகளை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இம்மருந்தை 'இரத்தத்தை மெலிதாக்கும் மருந்து' என்பது பேச்சு வழக்கு. உண்மையில் இரத்தம் நீர்த்துப் போவதில்லை. உறையும் வேகமே குறைகிறது. கட்டி மேலும் வளராமலும், புதியது தோன்றாமலும் மருந்து தடுத்து நிற்க, பழைய கட்டியை உடலே சிறிது சிறிதாகக் கரைக்கிறது.

இதன் வரலாறு விந்தையானது. 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் நில்லாமல் மாண்டன. அத்தீவனத்திலிருந்த பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பார் 1939-இல் பிரித்தெடுத்தார். அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கு மருந்தாயிற்று. கொல்லும் பொருளே அளவறிந்து கொடுத்தால் காக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

காக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பாரிட், ஜோர்டன் என்னும் மருத்துவர்கள் நுரையீரல் அடைப்புக் கண்டவர்களை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அவ்வடைப்பினாலேயே இறந்தனர். ஹெபாரின் ஊசியும் அசினோகுமரால் மாத்திரையும் பெற்ற 16 பேரில் ஒருவரும் அதனால் இறக்கவில்லை. அதே அசினோகுமரால் இன்றும் நம் நாட்டில் வழக்கிலுள்ளது.

இனி செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். 2013-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆறு மாதம் மருந்துண்டனர். வார்ஃபரின் முறையில் 1,000 பேரில் 18 பேருக்கும், அபிக்சபான் என்னும் புதிய மாத்திரையில் 6 பேருக்கும் கடும் இரத்தப்போக்கு நேர்ந்தது. ஆயினும் எல்லோருக்கும் அபாயம் ஒரே அளவினதன்று. வயது முதிர்ந்தோர், முன்பு வயிற்றுப்புண்ணோ இரத்தப்போக்கோ கண்டோர், சிறுநீரகம் அல்லது கல்லீரல் கெட்டோர், இரத்தசோகை உடையோர், புற்றுநோயாளர், மது அருந்துவோர் ஆகியோருக்கு அது மிகுதி. முதல் சில வாரங்களில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். அடைப்பு மீண்டும் வரும் அபாயமும் அதே காலத்தில்தான் அதிகம். ஆகவேதான் குறைந்தது மூன்று மாதமேனும் மருந்து தொடர வேண்டுமென்று மருத்துவர் வற்புறுத்துகின்றனர்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை சில. வார்ஃபரின், அசினோகுமரால் உண்போர் ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனையைக் குறித்த நாளில் செய்துகொள்ள வேண்டும். சாதாரணமாக 1 என்றிருக்கும் அவ்வெண், இந்நோயாளருக்கு 2-க்கும் 3-க்கும் இடையே நிற்பது நலம். குறைந்தால் கட்டி வளரும். மிகுந்தால் இரத்தம் கசியும். கீரையிலுள்ள வைட்டமின் கே இம்மருந்துக்கு எதிரானது. அதற்காகக் கீரையை ஒழிக்க வேண்டியதில்லை. ஊரில் முருங்கைக்கீரை உண்டவர், இங்கு ஜதுபாபு பஜாரின் புயி ஷாக்கும் பாலங் ஷாக்கும் கண்டு திடீரென அளவை மாற்றாதிருந்தால் போதும்.

புதிய மாத்திரைகளுக்கு இச்சோதனை வேண்டியதில்லை. எனினும் வேறொரு கவனம் தேவை. அபிக்சபான் முதல் 7 நாளும், ரிவரோக்சபான் முதல் 21 நாளும் கூடிய அளவில் கொடுக்கப்பட்டுப் பின்னர் குறைக்கப்படும். ஆஸ்பத்திரியில் எழுதிய முதற்சீட்டையே ஊருக்கு எடுத்துச்சென்று மாதக்கணக்கில் அதன்படி வாங்கி உண்டால் தீங்கு நேரும். அளவு மாறும் தேதியைத் தமிழில் எழுதி வைத்தல் நன்று.

மூட்டுவலிக்கெனக் கடையில் தாமே வாங்கும் ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் ஆகியவை இரத்தப்போக்கைத் தூண்டுவன. கிருமிகளை அழிக்கும் மருந்துகளிலும் சில வார்ஃபரினின் வலுவை ஏற்றிவிடும். நாட்டு மருந்து உள்பட எதையும் மருத்துவரைக் கேளாது சேர்த்தல் ஆகாது. பல் பிடுங்குமுன்னும் ஊசி போடுமுன்னும் இம்மருந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மொழி தெரியாத முதியோர்க்கு 'ரொக்தோ பாத்லா கொரார் ஓஷுத்' என்னும் வங்கச் சொற்களைக் கற்பித்து, மருந்தின் பெயரெழுதிய சீட்டைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்தனுப்புக.

பல் துலக்குகையில் ஈறில் சிறிது இரத்தம் கண்டாலோ, தோலில் சிறு நீலம் பட்டாலோ மருத்துவரிடம் கூறுக. மாத்திரையைத் தாமே நிறுத்தற்க. ஒரு வேளை மறந்தால் மறுவேளை இரட்டிப்பாக உண்ணற்க. ஆனால் மலம் தார்போல் கறுத்துப் போதல், சிறுநீரில் இரத்தம், இரத்த வாந்தி, அழுத்திப் பிடித்தும் பத்து நிமிடத்தில் நில்லாத மூக்குக் கசிவு, கடுந்தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் விழுதல் இவற்றில் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தலாகாது. வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிடினும் ஆஸ்பத்திரிக்குச் சென்றே தீர வேண்டும். பி.ஜி. ஆஸ்பத்திரி என்று நாம் வழங்கும் எஸ்.எஸ்.கே.எம். நமக்கு அண்மையிலேயே உள்ளது. நள்ளிரவாயினும் விடியட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. வார்ஃபரினுக்கு மாற்றாக வைட்டமின் கே உண்டு. புதிய மருந்துகளால் நேரும் இரத்தப்போக்குக்கும் சிகிச்சை உண்டு. எந்த மாத்திரை, கடைசியாக எப்போது உண்டது என்பதை மட்டும் உடன் செல்வோர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கென ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, மாத்திரை, அளவு, சோதனை எண் என நான்கு கட்டமிட்டு நாள்தோறும் நிரப்புக. எழுதத் தெரிந்த சிறுவர் ஒருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தால் பாட்டனாருக்கும் மகிழ்ச்சி. அவர் ஊர் திரும்பும்போது அப்புத்தகமும் பெட்டியில் ஏறட்டும்; அங்குள்ள மருத்துவருக்கு அது வழிகாட்டும்.