ஆறுமணிக்குருவியைத் தேடி

அரியவை எனப்படுவன யாவும் எண்ணிக்கையிற் குறைந்தவை அல்ல. அருகிலிருந்தும் நம் கண்ணுக்கு அகப்படாதனவும் அவற்றுள் உள. இவ்வுண்மையைப் புரட்டாசித் திங்களின் இறுதியில் ஒரு நாள், பாலவாக்கத்தில், சிறு பறவையொன்று எமக்குப் போதித்தது. அதனை நண்பர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

அப்பறவை ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இரண்டு சுரமாகச் சீழ்க்கையொலி எழுப்புவதால் இப்பெயர் பெற்றது. புதர்நிழலிற் பதுங்கித் திரிதலின் தோட்டக்கள்ளன் என்பாரும் உளர். வடநாட்டார் ஒன்பது நிறமுடையது என்னும் பொருளில் நவரங் என்பர். மைனாவினும் சற்றுச் சிறியது, கால் நீண்டது, வால் மிகக் குறுகியது. முதுகு பசுமை, கண்ணை ஊடுருவிச் செல்லும் பட்டை கருமை, தொண்டை வெண்மை, மார்பு இளமஞ்சள், அடிவயிறு செம்மை, சிறகில் ஒளிரும் நீலம். 1766-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் அறிஞர் இதனைக் காக்கையினத்திற் சேர்த்துக் குறுவாலன் எனப் பொருள்படும் பெயரிட்டார். பின்னர் இதற்கு வழங்கலான பிட்டா என்னும் இனப்பெயரோ சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லேயாம்.

இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். மழை நீங்கியதும் தெற்கு நோக்கிப் புறப்பட்டுத் தமிழகத்தையும் இலங்கையையும் அடையும். பயணம் இரவிலே நிகழ்வது. ஆதலின், புரட்டாசி ஐப்பசித் திங்களில் விளக்கொளியால் மயங்கி, களைத்து, வீட்டினுள் வந்து வீழும் குருவிகளும் உண்டு.

யாம் ஐவர் அன்று வைகறையிற் பாலவாக்கம் சேர்ந்தோம். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். இவற்றிடையே அமைந்தது அவ்வூர். கடற்கரையிலே, வடபுலத்தினின்று வந்த சிறு உப்புக்கொத்திகள் அலையின் ஓரமாக ஓடியோடி இரை தேடின. அவற்றைக் கண்டு மகிழ்ந்தோமாயினும், நாடி வந்த பறவையின் குரல் கேட்டிலோம். பின்னர்த் தெருத்தெருவாகச் சுற்றினோம். மாடங்கள் உயர்ந்த மனைகள். பசும்புல் விரித்த தோட்டங்கள். எங்கும் துடைத்தாற்போன்ற துப்புரவு. நண்பகல் கடந்தும் பயனில்லை. இவ்வாண்டு அது வரவில்லை போலும் என்றே முடிவு கட்டினோம்.

அப்பொழுது, ஒரு வாயிலிற் சருகுகளைக் கூட்டிக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தியிடம் குருவியின் அடையாளங்களைக் கூறி வினவினோம். “நாள்தோறும் பெருக்குகிற இடத்தில் தேடினால் அது கிடைக்குமா, தம்பி? அதோ, அந்தப் பாழ்மனையிலே குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும், போய்ப் பாருங்கள்” என்றாள் அவள்.

அங்கே ஒரு பூவரசும், வேம்பும், முட்புதர்களும் அடர்ந்திருந்தன; நிலமெங்கும் சருகு. சுவரோரம் அசையாது அமர்ந்தோம். கதிரவன் மறையும் வேளையிற் சீழ்க்கையொலி ஒன்று எழுந்தது. சற்றைக்கெல்லாம் புதரடியினின்று குருவி தத்தித் தத்தி வெளிப்பட்டது, அலகினாற் சருகைப் புரட்டியது, புழுவொன்றைப் பற்றியது, குறுவாலை மேலும் கீழும் அசைத்தது. சிறகின் நீலம் ஒருகணம் மின்னியது. மறுகணம் இருள் சூழ்ந்தது.

எம் பிழை அப்பொழுதே விளங்கிற்று. யாம் மரக்கிளைகளை நோக்கினோம். அதுவோ தரையில் இரை தேடும் பறவை. சருகு மண்ணின் ஈரத்தைக் காக்கும். ஈரத்தில் புழுக்களும், கறையான்களும், வண்டுகளும் பெருகும். அவையே அதற்கு உணவு. சருகை நாள்தோறும் கூட்டி எரிப்போமாயின், நெடுந்தொலைவு பறந்து வந்த விருந்தாளியின் இலையை எடுத்துவிட்டவர் ஆவோம். வெளியே வருகையில் அம்மனையின் வாயிலில் வீடு கட்டுதற்கான அறிவிப்புப் பலகையைக் கண்டோம். வீடு வேண்டாம் என்று கூற எமக்கு உரிமையில்லை; யாமும் வீடுகளில் வாழ்பவரே. எனினும், அக்குருவி அடுத்த ஆண்டு எங்கு இறங்கும் என்னும் வினா எம்முடனே பேருந்தில் ஏறி வந்தது.

நண்பர்காள்! உங்கள் தோட்டத்தில் ஒரு மூலையையேனும் பெருக்காது விடுங்கள். களைத்த குருவி வீட்டினுள் வீழ்ந்தால், காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருளிலே அமைதியாக இருத்துங்கள். வாயில் நீர் புகட்டாதீர்கள். தெளிந்தபின் மரஞ்செறிந்த இடத்தில் விடுங்கள். கூண்டில் அடைத்து வளர்த்தலை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. தக்க இடம் வாய்ப்பின் அது சித்திரை வரை தங்கும். மாலை ஆறு மணிக்கு உங்களைத் தன் சீழ்க்கையால் அழைக்கும்.