கடைக்கு எப்போது விடுமுறை?

விடுமுறை என்றாலே மாணவர்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால், கடை நடத்தும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த மகிழ்ச்சி பாதிதான் கிடைக்கிறது. எங்கள் வாப்பா புசல்லாவையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். சில வருடங்களுக்கு முன் குடும்பமாகத் திருகோணமலைக்குப் போக வேன் பேசியிருந்தோம். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, மறுநாள் அரிசி லொறி வருவதாகத் தொலைபேசி அழைப்பு வந்தது. "மகள், நீங்க உம்மாவோட போய்ட்டு வாங்க. நான் அடுத்த முறை வாறேன்" என்றார் வாப்பா. அந்தப் பயணத்தில் எடுத்த ஒரு படத்திலும் அவர் இல்லை.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. வியாபாரக் குடும்பங்களுக்கு விடுமுறை ஏன் எட்டாமல் போகிறது, அதைப் பெற என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலாவது காரணம் நாட்காட்டி. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ளது எமது நகரம். கடைகளுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் தோட்ட மக்கள். மாதத்தின் 10ஆம் திகதியை அண்டிச் சம்பளம் கிடைத்ததும் வியாபாரம் சூடுபிடிக்கும். தீபாவளி முற்பணம் கிடைத்துவிட்டால் கடையில் நிற்கவும் இடமிருக்காது. ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலத்துக்குப் போகும் வேன்கள் வழியில் நின்று பிஸ்கட்டும் தண்ணீர்ப் போத்தலும் வாங்கிப் போகும். மற்றவர்கள் சுற்றுலா போகும் நாட்களில்தான் எங்களுக்கு வேலை கூடுதல்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறை தனியாகக் கிடைக்கிறது. புடவைக் கடைக்காரர்களுக்கோ பெருநாளுக்கு முந்திய அந்த நாட்களே வருடத்தின் முக்கிய நாட்கள். ஹிஜ்ரி ஆண்டு ஏறக்குறைய 11 நாட்கள் குறைவானது என்பதால் நோன்பு வருடா வருடம் முன்னோக்கி நகர்கிறது. 2024இல் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டு பண்டிகை வியாபாரமும் அப்போது ஒன்றாகச் சேர்ந்தது.

இரண்டாவது காரணம், முதலாளிக்கு லீவு கொடுக்க எவரும் இல்லாமை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலை செய்பவருக்கு வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையை உறுதி செய்கிறது. ஒரு வருடச் சேவையின் பின் வருடாந்த விடுமுறையாக 14 நாட்களும், சொந்தத் தேவைகளுக்கென 7 நாட்களும் உண்டு. கடையில் நிற்கும் ஊழியருக்கு இது நியாயமான உரிமை. ஆனால் கடைச் சொந்தக்காரர் தனக்குத் தானே கொடுத்தால்தான் அவருக்கு விடுமுறை.

மூன்றாவது காரணம் பயம். ஒரு நாள் பூட்டினால் எவ்வளவு நட்டம்? வணிகப் பிரிவில் படிப்பதால் இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு கடையின் நாள் விற்பனை 40,000 ரூபா என வைத்துக்கொள்வோம். அந்தப் பொருட்களின் கொள்விலை 34,000 ரூபா என்றால் மொத்த இலாபம் 6,000 ரூபாதான். பூட்டிய நாளில் இழப்பது 40,000 அல்ல, இந்த 6,000. அதிலும் அரிசி, மா, சீனி வாங்க வேண்டியவர்களில் பாதிப்பேர் மறுநாள் வந்து வாங்கினால் இழப்பு 3,000 ஆகக் குறையும். வாடகை போன்ற நிலையான செலவுகள் திறந்தாலும் பூட்டினாலும் ஒன்றுதான். இழப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது நாம் பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல.

கடை பூட்டுவது நமக்குப் புதிதுமல்ல. சூரா அல்-ஜுமுஆ, தொழுகைக்கான அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட்டுவிடும்படியும், தொழுகை முடிந்ததும் பரந்து சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படியும் கட்டளையிடுகிறது. வெள்ளிக்கிழமை நண்பகலில் எங்கள் கடையின் கதவு சாத்தப்படும் என்பது வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். அதனால் முன்னதாகவே வருகிறார்கள், இல்லையேல் பிறகு வருகிறார்கள். முன்கூட்டியே தெரிந்த பூட்டு யாரையும் விரட்டுவதில்லை.

ஆனால் கடை பூட்டியிருப்பது மட்டும் விடுமுறையாகிவிடாது. 2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது வாப்பா முதன்முறையாகப் பல நாட்கள் வீட்டில் இருந்தார். ஆனாலும் கடன் கொப்பியைப் புரட்டியபடியே இருந்தார். நாமே தீர்மானித்து, ஆயத்தம் செய்து, மனம் அமைதியாகப் பூட்டும் நாள்தான் விடுமுறை.

கடந்த வருடம் நாங்கள் அப்படிச் செய்து பார்த்தோம். சம்பளத்துக்கு முந்திய, கையில் காசு குறைந்த வாரத்தில் இரண்டு நாட்களைக் குறித்தோம். மொத்த வியாபாரிக்கு முன்னரே சொல்லி லொறி வரும் நாளை மாற்றினோம். அந்த இரு நாட்களுக்கும் பாணும் மரக்கறியும் எடுக்கவில்லை. ஒரு வாரம் முன்பே வாசலில் அறிவித்தல் ஒட்டினோம். தோட்டத்திலிருந்து வரும் வாடிக்கையாளர்களுக்கு வாப்பா நேரிலேயே சொன்னார். அவசரத்துக்கென ஒரு சாவி சாச்சாவிடம் இருந்தது. திருகோணமலைக் கடற்கரையில் வாப்பா முதல் நாள் நான்கு தடவை சாச்சாவுக்குத் தொலைபேசி எடுத்தார், இரண்டாம் நாள் ஒரு தடவைதான். திரும்பி வந்து கடை திறந்தபோது, வழமையாக வரும் ஒருவர் வேறு கடைக்கு மாறியிருந்தார். மற்றவர்கள் வந்தார்கள். "இப்படி வருசத்துக்கு ஒருக்கா போனா ஒண்டும் கெட்டுப் போகாது" என்று வாப்பாவே சொன்னார்.

பெற்றோர்களே, வருடத் தொடக்கத்தில் பொருட்களுக்குப் பட்டியல் எழுதும்போது குடும்பத்துக்கும் இரண்டு நாட்களை எழுதிவையுங்கள். மாணவிகளாகிய நமக்கும் இதில் பங்குண்டு. கணக்கு எழுதவும், சாமான் சரிபார்க்கவும், ஒரு மணி நேரம் கல்லாவில் அமரவும் நாம் பழகினால், உழைத்துக் களைத்த ஒருவர் பகலில் சற்றுக் கண்ணயர முடியும். பெரிய விடுமுறை வரும்வரை அந்த ஒரு மணி நேரத்தையாவது நம்மால் கொடுக்க முடியும்.