திரும்பிப் போக வேர் வேண்டாமா? இசைக்குழுக்களின் பழைய கேள்வி

அலோர் காஜா – கல்யாண விருந்து தொடங்கியதும் மேடையில் இருக்கும் இசைக்குழுவுக்குத் துண்டுச் சீட்டுகள் வர ஆரம்பிக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் சீட்டில் இளையராஜா இருப்பார், இல்லையென்றால் அலிகேட்ஸ். பின்வரிசையில் கைப்பேசியோடு நிற்கும் இளைஞர்களுக்கு வேறு பாட்டு வேண்டும். நடுவில் குழுவினர் தாங்களே மெட்டமைத்த பாட்டு ஒன்றை வாசித்தால், அந்த நாலு நிமிடத்தில் சாப்பாட்டு வரிசைதான் நீளும்.

ரெம்பியா, காடேக், புலாவ் செபாங் என்று இந்த வட்டாரத்தில் கித்தாரும் கீபோர்டும் வைத்திருக்கும் பையன்களுக்கு இது பழகிப்போன தலைவலி. "புதுசா ஏதாவது பண்ணுங்கடா" என்பார் ஒருவர். "என்ன இருந்தாலும் பழசு மாதிரி வராதுப்பா" என்பார் இன்னொருவர். சில சமயம் இரண்டையும் சொல்பவர் ஒரே ஆளாகவே இருப்பார்.

ஒரு குழு காலத்தோடு மாற வேண்டுமா, தன் வேருக்குத் திரும்ப வேண்டுமா என்ற இந்தக் கேள்வி உலகத்தின் பெரிய ராக் குழுக்களையும் விட்டதில்லை. ஆனால் அதைப் புரிந்துகொள்ள முதலில் பினாங்கு வரை போனாலே போதும்.

அலிகேட்ஸ் குழுவின் முன்னணிப் பாடகர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் பினாங்கைச் சேர்ந்த அண்ணன் தம்பிகள். 1960களின் இறுதியில் தொடங்கிய அவர்கள், இரவு விடுதிகளில் ஆங்கிலப் பாட்டுகளைப் பாடித்தான் தொழில் கற்றார்கள். 1970களில் ஹாங்காங் வரை போய் மேடை ஏறினார்கள். அதற்குப் பிறகுதான் மலாய்ப் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார்கள். 'செஞும்லா கோலாலம்பூர்', 'செகுந்தும் மாவார் மேரா செபுவா புய்சி' போன்ற பாடல்கள் இனம் பார்க்காமல் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. பந்து போன்ற சுருட்டை முடியோடு இரண்டு தமிழ் முகங்கள் மலாய்க் காதல் பாட்டு பாடியது அந்தக் காலத்துக்குப் பெரிய மாற்றம்.

இப்போது ஒருவர் எழுந்து "அலிகேட்ஸ் தன் வேருக்குத் திரும்ப வேண்டும்" என்று சொன்னால், எந்த வேரைச் சொல்கிறார்? வீட்டில் பேசிய தமிழா, விடுதியில் பாடிய ஆங்கிலமா, பேர் வாங்கித் தந்த மலாயா? சந்தேகமே வேண்டாம், அவர் அந்த மலாய்ப் பாடல்களைத்தான் சொல்வார். குழுவின் கணக்கில் அவை மூன்றாம் கட்டம். ரசிகருக்கோ அதுதான் தொடக்கம், ஏனென்றால் அவர் காதில் முதலில் விழுந்தது அதுதான். வேர் என்று ரசிகர்கள் சொல்வது பெரும்பாலும் குழுவின் வயதை வைத்து அல்ல, தங்கள் வயதை வைத்து. பள்ளிக்கூடம் போகும்போது ஒட்டுக்கடை வானொலியில் கேட்டது எதுவோ அதுதான் 'ஒரிஜினல்'.

லோகநாதன் 2007 ஜூன் மாதம் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அதன் பிறகும் டேவிட் குழுவின் பேரை விடாமல் மேடை ஏறினார். அந்த இடத்தில் மாறுவதா திரும்புவதா என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை. பாதிக் குரல் போன பிறகு பழைய பாட்டைப் பாடினாலும் அது பழைய பாட்டாக இருக்காது.

வேருக்குத் திரும்புவதாகச் சொல்லியே இசைத்தட்டு போட்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் மெட்டாலிகா 1981இல் தொடங்கிய குழு. 1980களில் அவர்கள் போட்ட நாலு ஆல்பங்களும் வேகமும் முரட்டுத்தனமும் நிறைந்தவை. 1991இல் வேகத்தைக் குறைத்து, பாட்டைச் சுருக்கி, கறுப்பு அட்டை போட்ட ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல் விற்றது. பழைய ரசிகர்களோ "விலை போய்விட்டார்கள்" என்றார்கள். 1996இல் அடுத்த ஆல்பம் வந்தபோது முடியையும் வெட்டிக்கொண்டதால் கோபம் இரட்டிப்பானது. (முடி வெட்டியதற்காக ஒரு குழுவைத் திட்டுவது வேடிக்கைதான். ஆனால் நம் ஊரிலும் பாடகர் வேட்டியில் வந்தாரா ஜீன்ஸில் வந்தாரா என்று பேசாதவர்கள் குறைவு.)

2003இல் கித்தார் தனி வாசிப்பே இல்லாமல், தகர டின் போல ஒலிக்கும் டிரம்மோடு 'செயின்ட் ஆங்கர்' வந்தது. அதற்கு வாங்கிய ஏச்சுக்குப் பிறகு, 2008இல் தயாரிப்பாளர் ரிக் ரூபின் அவர்களை 1980களின் நடுப்பகுதியில் இருந்த மனநிலைக்குப் போகச் சொல்லி 'டெத் மேக்னடிக்' ஆல்பத்தைச் செய்ய வைத்தார். நீண்ட பாட்டு, வேகம், தனி வாசிப்பு எல்லாம் திரும்பின. ஆனால் ஒலியளவை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டதால் சத்தம் உடைந்து கேட்கிறது என்று ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மனுப் போட்டார்கள். பாட்டு 1986க்குப் போனது, பதிவு மட்டும் 2008இலேயே நின்றுவிட்டது.

நம் நாட்டில் இதற்கு நேர் எதிராக நடந்த ஒன்று உண்டு. 1990களின் கடைசியில் பொயெட்டிக் அம்மோ குழுவில் பல மொழிகளில் ராப் பாடிக்கொண்டிருந்த யோகி பி, பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரோடு நட்சத்ராவாக இணைந்து 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டு வந்தார். அதில் நாடு தாண்டி ஓடியது 'மடை திறந்து'. 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா அமைத்த மெட்டின் மேல் எழுப்பிய ராப் அது. புதுசு என்று இளைஞர்கள் ஆடினார்கள், தெரிந்த மெட்டு என்று அப்பாமார்கள் தலையாட்டினார்கள். கல்யாண மண்டபத்தில் இரண்டு வரிசையையும் ஒரே பாட்டில் எழுப்பிவிட்டது 'மடை திறந்து'.

ஆக மாற்றமா மரபா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் உண்மையில் இல்லை. திரும்பிப் போக முடிந்த எல்லாருக்கும் ஒரு வசதி இருந்தது, அவ்வளவுதான். மெட்டாலிகாவுக்கு 1986 இசைத்தட்டு கையில் இருந்தது. யோகி பிக்கு இளையராஜாவின் பதிவு இருந்தது. அலிகேட்ஸின் கேசட்டுகள் இன்றும் பலர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. போட்டுக் கேட்டால் எதை விட்டோம், எதை எடுத்துக்கொள்ளலாம் என்று தெரியும்.

இந்த வசதி இல்லாத குழு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. அது உறுமி மேளம்.

ரப்பர் தோட்டத்து மாரியம்மன், முனியாண்டி, மதுரை வீரன் கோயில்களில் வளர்ந்த இசை அது. உறுமியின் ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள், மறு முகத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழும் உறுமல்தான் அதன் பேருக்கே காரணம். கூடவே பம்பை, தவில், தப்பு. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, லயத்தில் இருந்தவர்கள் தாமான் வீடுகளுக்கு வந்தபோது மேளமும் கூடவே வந்தது. இன்று ஒரே நிறச் சட்டை, குழுவுக்கென்று பேர், ஒலிபெருக்கி, சில இடங்களில் கீபோர்டு. சினிமா மெட்டில் சாமிப் பாட்டு.

இதைப் பற்றிய முறைப்பாடு புதிதல்ல. தைப்பூசம் வந்தால் சினிமாப் பாட்டு வேண்டாம் என்ற அறிவுரையும் கூடவே வரும். பெரியவர்களின் குறையில் நியாயம் இருக்கிறது, ஆனால் கைகாட்டும் இடம் கொஞ்சம் தவறு. கீபோர்டு வந்ததில் குற்றமில்லை. பழைய உறுமிக்காரர் காவடி எடுப்பவரின் காலைப் பார்த்து அடிப்பார். கால் தளர்ந்தால் அடியை இறக்குவார், சாமி இறங்கும் நேரம் தெரிந்தால் ஏற்றுவார். இத்தனை சுற்று என்ற கணக்கு கிடையாது. சினிமா மெட்டு வந்ததும் பல்லவி, சரணம் என்று பாட்டுக்கு ஒரு நீளம் வந்துவிடுகிறது. மேளக்காரர் பாட்டைப் பார்க்கிறார், காவடிக்காரர் பாட்டு முடியக் காத்திருக்கிறார். இழப்பு அந்தப் பார்வை மாறியதில்தான் இருக்கிறது.

அதைச் சரிசெய்யப் பழைய அடிகள் தெரிய வேண்டும். அவை தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் மாறும், சாமிக்குச் சாமி மாறும். இசைத்தட்டாக வந்தவை இன்றைய குழுக்களின் பாட்டுகள்தான். லயத்துக் கோயிலில் அடித்த அடியைப் பதிவு செய்ய அன்று யாருக்கும் தோன்றவில்லை. அது சிலரின் கையில் மட்டும் இருக்கிறது. அவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல்.

உறுமி அடிக்கும் அதே பையன்களில் சிலர் சனிக்கிழமை கல்யாணத்தில் கித்தாரும் வாசிக்கிறார்கள். அவர்கள் பையில் நல்ல கைப்பேசி இருக்கிறது. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும்போது, கூட்டத்தைப் படம் எடுக்கும் நேரத்தில் பாதியைக் கொடுத்தால் போதும். மூத்த மேளக்காரர் ஒருவரை ஒதுக்குப்புறமாக உட்கார வைத்து, இது எந்தச் சாமிக்கான அடி, எந்தத் தோட்டத்தில் கற்றது, யார் கற்றுக்கொடுத்தார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, குச்சி பிடிக்கும் கை தெரிகிற மாதிரி பதிவு செய்துகொள்ளலாம். கித்தாரோடு சேர்ப்பதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.